ரேடியோ கேட்ட பதில்

செத்துப்போன மனுஷர் காலையில் குளியலறைக்குள் நின்று இருமினார்.

இரண்டு இருமல். நடுவே சளியை விழுங்குகிற ஒரு சத்தம். அப்புறம் அந்தக் கரகரத்த குரல். "வீலக் கழட்டியாச்சாடா?"

அடுப்பருகே பால் பாத்திரத்தைப் பிடித்திருந்த ரோலர் அக்கா பிடியை விடவில்லை. போன திங்கட்கிழமை முதல்முறை இந்தக் குரல் கேட்டபோது பாத்திரத்தையே கீழே போட்டாள். பால் போனது, கால் வெந்தது. இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

குளியலறைக்குள் நின்றது அவள் மகள். பத்தொன்பது வயசு. சலவை ஆலைக் குவார்ட்டர்ஸ் முழுக்க அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர். வைத்தது அவள் அப்பா, பாய்லர்காரர்.

அவள் தானாக வார்த்தை கோத்துப் பேசிய பிள்ளை அல்ல. எங்கோ யாரோ சொன்ன வாக்கியத்தைச் சொன்னவர் குரலிலேயே, தும்மல் இருமல் உட்பட, திருப்பித் தருவாள். ஆட்டிசம் என்று பெயர் சொன்னது சிறப்புப் பள்ளி டீச்சர். "கிளிப்பிள்ளை மாதிரி சும்மா ஒப்பிக்கிறான்னு நெனைக்காதீங்கம்மா. அந்த வார்த்தையக் கேட்டப்போ அவ மனசுல என்ன இருந்துச்சோ, அதத்தான் உங்ககிட்டச் சொல்ல வர்றா" என்று அந்த டீச்சர் சொன்னதை ரோலர் அக்கா அப்போது பாதிதான் புரிந்துகொண்டாள். மீதியை மகளோடு வாழ்ந்து புரிந்துகொண்டாள்.

குடை விஷயம் அப்படித்தான். சின்ன வயசில் ஒரு மழை நாளில் அப்பா அவளை முதன்முதலாகப் பாய்லர் அறைக்குக் கூட்டிப்போனார். வாசலில் நின்று, "குடை எடுத்தாச்சா?" என்றார். அம்மா உள்ளிருந்து, "எடுத்தாச்சு, கெளம்பு" என்றாள். அன்றிலிருந்து மண்டை பிளக்கிற வெயிலாக இருந்தாலும், வெளியே போக வேண்டுமென்றால் ரேடியோ அப்பா குரலில் கேட்பாள். அம்மா அதே இழுப்போடு பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் செல்லாது. அப்பா சொன்னாலும் செல்லாது. அவரவர் வரியை அவரவர் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கால் வாசலைத் தாண்டும்.

பாய்லருக்குள் அப்பா வெந்து செத்த அன்றைக்கு ரேடியோ நின்றுபோனது. இரண்டு வருஷம் ஒரு சத்தமில்லை. வேண்டியதற்கெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய், டம்ளர் மேலோ குடை மேலோ வைப்பாள். வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

அன்றே மூடிய பழைய பாய்லரைப் போன திங்கட்கிழமைதான் ஆலை மறுபடி பற்றவைத்தது. ம்ம்ம் என்று ஒரு அடித்தொண்டை ரீங்காரம் தரை வழியாகக் குவார்ட்டர்ஸுக்குள் ஏறியது. தட்டுப் பலகையில் கரண்டிகள் தாமாக முணுமுணுத்தன. ரேடியோ சுவரில் கன்னத்தை வைத்துக் கேட்டாள். வாயைத் திறந்தாள். வெளியே வந்தது அப்பா.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். தம்பி வந்துவிட்டான். ரோலர் அக்காவின் கூடப்பிறந்தவன், இன்றைக்குச் சலவை ஆலையில் மேஸ்திரி. வாயைத் திறக்குமுன் நாக்கால் ஒரு 'ட்ச்' போட்டுத்தான் பேசுவான்.

"ட்ச். பையெல்லாம் கட்டியாச்சாக்கா? சாயங்காலம் வண்டி வந்துரும்."

"மொதல்ல உக்காந்து பாலக் குடிடா."

"பாலு கெடக்கட்டும். அந்த விடுதில இடம் கெடைக்கிறதே பெரிய பாடு. நீ கடைசி நேரத்துல மூக்கச் சிந்திக்கிட்டு நிக்காத, அவ்வளவுதான்."

"நான் எப்படா மூக்கச் சிந்தினேன்? அதுக்கெல்லாம் எனக்கு நேரமிருக்கா?"

உண்மைதான். அழ நேரமில்லை. புதுச் சட்டை வாங்கினால் கழுத்துப்பட்டைச் சீட்டை வெட்டி, தையலை உள்ளும் புறமும் தடவிப் பார்த்து, சூடுதண்ணீரில் ஊறப்போட்டு மெதுவாக்கித்தான் மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் முள்ளை உடுத்தியதுபோலத் துடிப்பாள். ரொட்டியில் பருப்பு பட்டால் தட்டே வேண்டாம். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். அந்தத் தழும்பு ஆறுவதற்குள் அடுத்தது. நல்ல நாளும் உண்டு. குரல் திரும்பியபின் ஆலை மேனேஜரின் தும்மலைப் போட்டுவிட்டுத் தானே குலுங்கிச் சிரிக்கிறாள். ஆனால் கெட்ட நாளில் ரோலர் அக்கா வேலைக்குப் போக முடியாது. போகாத நாட்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. ரேடியோ மறுபடி பேசிய மறுநாளே, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி என்று தம்பி பேச்செடுத்தபோது அவள் சரி என்றாள். அன்றைக்கு ராத்திரி அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தலையில் தண்ணீர் சொட்ட ரேடியோ வெளியே வந்தாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். மேஸ்திரியின் சட்டையில் இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள்.

"வீலக் கழட்டியாச்சாடா?"

கேட்டுவிட்டு நின்றாள். உதட்டை லேசாகப் பிரித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, காத்துக்கொண்டு.

மேஸ்திரியின் முகத்திலிருந்து யாரோ ரத்தத்தை வடித்ததுபோல் இருந்தது.

"அவ வாய மூடச் சொல்லுக்கா. காலங்காத்தால செத்தவர் கொரலு."

"அவர் எப்பவும் கேக்குற கேள்விதானடா அது. பாய்லர் கழுவ எறங்குறப்பல்லாம் கேப்பார்ல, அதான்" என்ற அக்கா மகள் பக்கம் திரும்பி, "கழட்டியாச்சும்மா. இங்கதான் இருக்கு" என்றாள்.

ரேடியோ இல்லையென்று தலையாட்டினாள். இந்த ஒரு வாரமாக அம்மா எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்துவிட்டாள். எதுவும் செல்லவில்லை. மறுபடி அதே பொத்தானைப் பார்த்து, இன்னும் சத்தமாக, "வீலக் கழட்டியாச்சாடா?"

மேஸ்திரி பாலைத் தொடவில்லை. செருப்பை மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டே போனான்.

அந்த வீல் சமாச்சாரம் அந்த ஆலைக்கே உரிய பழக்கம். பாய்லர்கள் இரண்டு. ஒன்றைக் கழுவ ஆள் உள்ளே இறங்கும்போது மற்றது ஓடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வால்வைக் கூட நிற்கிறவன் மூடி, அதைத் திருகுகிற இரும்பு வீலைக் கழற்றி நீட்டுவான், இறங்குகிறவன் உள்ளே போனதும் வாங்கித் தன் இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொள்வான். வீல் அவனோடு உள்ளே இருக்கும்வரை வெளியே எவனும் வால்வைத் திறந்து அவன்மேல் ஸ்டீமை விட முடியாது. அவன் உயிர் அவன் இடுப்பில். பாய்லர்காரர் செத்த அன்று அவர் இடுப்பில் வீல் இல்லை. அது வால்விலேயே இருந்தது. வால்வைச் சரியாக மூடாமல், வீலையும் எடுக்காமல் அவரே இறங்கிவிட்டார் என்று முடிந்தது பேச்சு. குடித்திருப்பார் என்றார்கள். குடிக்காத மனுஷர். தம்பி அப்போது கீழே லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அலறல் கேட்டுத்தான் ஓடிவந்தானாம்.

ரோலர் அக்கா மகளின் பையைக் கட்ட உட்கார்ந்தாள். பழைய துண்டு, காதுமூடி, ஊறவைத்து மெதுவாக்கிய சட்டைகள், நீல டம்ளர். வைத்து முடித்துவிட்டுத் தலை வாரப் போனாள். திரும்பி வந்தால் பை தட்டையாகக் கிடந்தது. துண்டு ஆணியில். டம்ளர் பலகையில். சட்டைகள் அலமாரியில் அடுக்கு மாறாமல்.

மறுபடி கட்டினாள். மறுபடி தட்டை.

ரேடியோ சண்டை போடவில்லை, அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். அம்மாவுக்கு ஒரு தப்பைத் திருத்திக் கொடுக்கிற பொறுமை அந்த முகத்தில்.

"எனக்கும் கஷ்டந்தாண்டி. கட்ட விடு" என்றாள் ரோலர் அக்கா. மூன்றாம் முறை பையின் மேலேயே உட்கார்ந்து கட்டினாள்.

மதியம் அரை ஷிப்ட் இருந்தது. கடைசி நாள், வீட்டில் தனியாக விட மனசில்லை. மகளை ஆலைக்கே கூட்டிப்போனாள். குடை வரியை இருவரும் முறையாகச் சொல்லிக்கொண்டு, வெயிலில் குடை பிடித்து நடந்தார்கள்.

சலவை ஆலையின் இஸ்திரிக் கூடத்தில் வண்டி வண்டியாக ஆஸ்பத்திரி விரிப்புகள். சூடான ரோலருக்குள் ஒரு பக்கம் ஈர விரிப்பை விட்டால் மறுபக்கம் காகிதம்போல் வரும். விடுகிறவள் ரோலர் அக்கா. வாங்கி மடிக்கிறவள் மடிப்புக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

"வாடி ரேடியோ! இன்னிக்கி எந்த ஸ்டேஷன்டி?"

ரேடியோ உத்தரத்தைப் பார்த்தபடி மேனேஜரின் மூக்கடைத்த குரலில், "பேச்சக் கொறைங்க, வேலையப் பாருங்க" என்றாள். கூடத்தின் கோடியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் விழுந்தடித்து எழுந்தார்கள். மடிப்புக்காரி விரிப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இவள அனுப்பிட்டு நீ என்னத்தக் கேட்டுட்டுக் கெடப்ப? அந்த ஊமைச் சுவத்தையா?"

"தூங்குவேன்."

"தூங்குவ, தூங்குவ. பாப்போம்."

ரேடியோ சுவரோரம் போய்க் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாய்லர் அறை. நடுவே ஆள் தலை நுழைகிற அளவில் ஒரு சதுர ஓட்டை. ரீங்காரம் அவள் எலும்புக்குள் இறங்க, தோள்கள் தளர்ந்தன, விரல்கள் ஆடுவதை நிறுத்தின. அவளுக்கு நிம்மதி தருகிற சத்தம் உலகத்தில் அது ஒன்றுதான். அவள் அப்பாவைத் தின்ற சத்தமும் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் விரிப்பு ஈரத்தோடு வர ஆரம்பித்தது. ரோலர் சூடு இறங்கிவிட்டது. இது தினமும் நடப்பதுதான். ரோலர் அக்கா ஓட்டைக்குள் தலையை விட்டு, எல்லா நாளும் கத்துகிற மாதிரிக் கத்தினாள்.

"யாருப்பா அங்க! ரோலர் ஆறிப்போச்சு, ஸ்டீமத் தொற!"

அவள் தலையை வெளியே எடுப்பதற்குள் ரேடியோ வீறிட்டாள். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே கீழே சரிந்தாள்.

"பக்கத்துல நின்னு கத்திட்டேனே, அறிவுகெட்டவ நான்" என்று அம்மா ஓடிப்போய் மண்டியிட்டாள். தொட்டால் கூடிவிடும் என்று தெரியும். தொடாமல் உட்கார்ந்தாள்.

வீறிடல் ஓய்ந்தது. ரேடியோ கண்ணைத் திறந்தாள். இரண்டு இருமல்.

"வீலக் கழட்டியாச்சாடா?"

இந்தத் தடவை காத்திருக்கவில்லை. பதிலையும் அவளே சொன்னாள். இன்னொரு குரலில்.

"ட்ச். கழட்டியாச்சு மாமா, எறங்குங்க."

மடிப்புக்காரியின் கையில் விரிப்பு பாதி மடிப்பில் நின்றது. "ஏய்... அது யாரு கொரலு? நம்ம மேஸ்—"

ரேடியோவின் வாய் மறுபடி திறந்தது. அடுத்த வரி தொண்டைக்கு ஏறியதை ரோலர் அக்கா கண்ணால் பார்த்தாள். எதுவும் யோசிக்கவில்லை. மகளின் வாயைக் கையால் இறுகப் பொத்தினாள். உள்ளங்கையில் சூடாக ஒரு சொல் முட்டி முட்டி நின்றது. பிறகு அடங்கியது.

"காதுல விழுந்தத வெளிய சொல்லாத" என்றாள் மடிப்புக்காரியிடம்.

"என் காதுல என்ன விழுந்துச்சு? இந்தச் சத்தத்துல எனக்கு எங்க காது கேக்குது?" என்றாள் அவள். ஆனால் அப்புறம் ஷிப்ட் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அந்தக் கூடம் அதற்குமுன் பார்த்ததில்லை.

ரேடியோ பொய் சொல்ல மாட்டாள். நல்லவள் என்பதால் அல்ல, அவளுக்கு அது வராது. கேட்காத வாக்கியம் ஒன்றைக்கூட அவள் வாய் இதுவரை சொன்னதில்லை. அப்படியானால் மாமாவிடம் 'எறங்குங்க' என்று தம்பி சொன்னதை அவள் இதே சுவரோரம் நின்று கேட்டிருக்கிறாள். தம்பி பாய்லர் கழுவக் கூட நின்றது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்க முடியும், அவர் செத்த நாள். அதற்கு முந்தின நாள்வரை அவன் லாரி வேலைக்காரன்.

கழட்டியாச்சு என்றானே. கழற்றவில்லையே.

சாயங்காலம் மேஸ்திரி முன்னதாகவே வந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மடியில் கட்டிய பை. ரேடியோ அதை அவிழ்த்துவிடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வெளிச்சம் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. கரண்டிகள் பலகையில் முணுமுணுத்தன.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

"எழுந்திரு தாயி. போலாம்" என்றான் மேஸ்திரி.

ரேடியோ தரையில் உட்கார்ந்தபடியே அவன் பொத்தானைப் பார்த்தாள். "வீலக் கழட்டியாச்சாடா?"

"இவள எழுப்புக்கா."

ரோலர் அக்கா அடுப்பில் சாய்ந்து நின்றாள். "எழுந்திரிக்க மாட்டா. பதில் வேணும் அவளுக்கு. நான் ஒரு வாரமாச் சொல்றேன், ஒத்துக்க மாட்டேங்கிறா. நீ சொல்லிப் பாரேன்."

"நான் என்னத்தச் சொல்றது?"

"உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு."

ஹாரன் மறுபடி. மேஸ்திரி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "இந்தா, இங்க இருக்கும்மா."

இல்லையென்று தலையாட்டல். "வீலக் கழட்டியாச்சாடா?"

"ஆமாம்மா. ஆச்சு ஆச்சு."

இல்லை. அப்பாவின் குரல் இப்போது உயர்ந்தது. இருமல் நிஜ இருமலாக அறைக்குள் தெறித்தது. கண்ணை மூடினால் அந்த மனுஷர் எண்ணெய்க் கறைச் சட்டையோடு நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதாகச் சத்தியம் செய்யலாம். "வீலக் கழட்டியாச்சாடா? வீலக் கழட்டியாச்சாடா?"

"அக்கா, நிறுத்தச் சொல்லுக்கா!"

"பதிலச் சொல்லுடா, நிப்பாட்டிடுவா."

மேஸ்திரியின் பிடி தளர்ந்து பை மடியிலிருந்து நழுவியது. அவன் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். தரை ம்ம்ம் என்றது.

"ட்ச்" என்றான். "கழட்டியாச்சு மாமா. எறங்குங்க."

ரேடியோ எழுந்து நின்றாள்.

அத்தனை நாள் இறுகியிருந்த முகம் விட்டுக்கொடுத்தது. ஒரு வாரமாகப் பூட்டில் நுழையாத சாவி திரும்பிவிட்டது. ரோலர் அக்காவுக்குத் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஓரடி எடுத்தும் வைத்தாள். ஆனால் ரேடியோ இப்போது அவள் பக்கம் திரும்பினாள். அம்மாவின் தோளைப் பார்த்தாள். உதட்டைப் பிரித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, காத்தாள்.

"என்னடி? என்னை ஏன் பாக்குற?"

"அக்கா, வேணாம்." மேஸ்திரி தடாலென்று எழுந்தான். "அவ வாயப் பொத்துக்கா. சொல்றதக் கேளு, பொத்து!"

"எனக்கு இதுல ஏதுடா வரி?"

அம்மா சொல்லவில்லை. அதனால் ரேடியோவே சொன்னாள். ஸ்டீமில் காய்ந்து கடைசிச் சொல்லில் உடைகிற பெண் குரலில், சுவர் ஓட்டைக்குள் தலையை விட்டுக் கத்துகிற கத்தலில்.

"யாருப்பா அங்க! ரோலர் ஆறிப்போச்சு, ஸ்டீமத் தொற!"

தன் குரலை வெளியிலிருந்து கேட்பது எப்படி இருக்குமென்று ரோலர் அக்காவுக்கு அதுவரை தெரியாது. தெரிந்தவள் யாரோ கூப்பிடுவதுபோல் முதலில் இருந்தது. அது யார் என்று தெரிய வந்தபோது எட்டி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். மதியம் உள்ளங்கையில் முட்டிய சொல் இதுதான். அந்த நாளும் எல்லா நாளும்போலத்தான் கத்தியிருப்பாள். அவளுக்கு ஞாபகம்கூட இல்லை.

மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். "ரோலருக்குப் போற வீலும் அந்த வீலும் பக்கத்துப் பக்கத்துலக்கா. நீ அவசரமாக் கத்துன. நான் மாத்தித் திருகிட்டேன்... இத நீ கேக்கக் கூடாதுன்னுதான் அவள அனுப்பச் சொன்னேன்."

"கழட்டியாச்சுன்னு நீ சொன்னியேடா. அது யாரு கத்தினதால?"

அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

ஹாரன் நீளமாக அடித்தது. ரேடியோ போய்க் குடையை எடுத்து வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். அப்பா குரலில், இப்போது இருமலில்லாமல், மழை நாளின் உற்சாகத்தோடு கேட்டாள். "குடை எடுத்தாச்சா?"

அந்த வரி அம்மாவுடையது. அவள் சொன்னால் பிள்ளை கிளம்பிவிடும். வாசலைத் தாண்டி, வண்டியில் ஏறி, எந்தத் தொந்தரவும் இல்லாமல். அப்புறம் இந்த வீட்டில் யாரும் இந்தக் குரலைக் கேட்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கலாம்.

ரோலர் அக்கா குடையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். வாசலுக்குப் போய் வண்டிக்காரனிடம், "அவ வரல. நீ போப்பா" என்றாள். திரும்பி வந்து பையை அவிழ்த்து, துண்டை அதன் ஆணியில் போட்டாள். ரேடியோ நீல டம்ளரை எடுத்துப் பலகையில் வைத்தாள். சட்டைகளை இருவரும் சேர்ந்து அடுக்கினார்கள். வண்டிச் சத்தம் தேய்ந்து, ரீங்காரம் மட்டும் மிஞ்சியது.

மேஸ்திரி இன்னும் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தான், வாயை இறுக மூடிக்கொண்டு.

"ட்ச்."

அவன் உதடு அசையவில்லை. தலை மட்டும் வெடுக்கென்று நிமிர்ந்தது.

கடைசிச் சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, ரேடியோ அவனுடைய இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா கத்தியதற்கு அப்புறம், வீலைத் திருகுமுன் அவன் சொன்ன வரி ஒன்று பாக்கியிருந்தது. அவள் அதற்காகக் காத்திருந்தாள்.